பேட்டரி போடவா, காயில் கட்டவா: ஒரு கிட்டாருக்குப் பிக்கப் முடிவு செய்த மூன்று வாரம்

மாசி இரண்டாம் வாரத்தில் அக்கா மகன் கிட்டாரும் கையுமாகக் கடைக்கு வந்தான்.

"மாமா, இதுல இருக்கிற பிக்கப்பை எல்லாம் கழட்டிட்டு ஆக்டிவ் போட்டுக் குடுங்க. பங்குனிக் கச்சேரிக்குள்ள வேணும்."

"முதல்ல கோளாறு என்னன்னு சொல்லு மாப்பிள்ளை."

தந்தியின் ஆட்டத்தை மின்சாரமாக்கி ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) அனுப்பும் துண்டுதான் பிக்கப். கோளாறு இரண்டு. ஒலியை முரடாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் பாட்டைவிட இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது. அப்புறம், கழுத்துப் பக்கத்துப் பிக்கப் போன மாதத்திலிருந்து சத்தமே தருவதில்லை. அவன் ஆர்க்கெஸ்ட்ராவில் கூட வாசிக்கும் பையன் ஈஎம்ஜி கம்பெனியின் 81, 85 என்று இரண்டு ஆக்டிவ் (பேட்டரியில் ஓடும்) பிக்கப் போட்ட கிட்டார் வைத்திருக்கிறான். அதில் இரைச்சலே இல்லை. அதனால் தனக்கும் அதுவே வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறான்.

காரைக்குடியில் நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், மிக்சி, டேபிள் ஃபேன் எல்லாம் வரும். கிட்டார், ஆம்ப் வேலை என்பது இருபது வருட ஆசை. காயில் என்றால் எனக்குக் கை நிற்காது. அதனால் கழற்றிப் போடுவதற்கு முன் ஏன் இரைகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அவன் கிட்டாரில் கழுத்திலும் நடுவிலும் ஒற்றைக் காயில் உள்ள சிங்கிள் காயில் பிக்கப், தந்தி முடியும் பிரிட்ஜ் பக்கத்தில் இரட்டைக் காயில் உள்ள ஒரு ஹம்பக்கர். மூன்றும் பாஸிவ். பாஸிவ் என்றால் காந்தமும் காயிலும் மட்டும்தான். ஸ்டீல் தந்தி காந்தப் புலத்துக்குள் ஆடும்போது காயிலில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது, அது அப்படியே ஒயரில் ஏறி ஆம்புக்குப் போகிறது. போதுமான சத்தம் வர ஆயிரக்கணக்கில் சுற்று வேண்டும். அத்தனை சுற்றுள்ள காயில் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் சோக் எல்லாவற்றின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். இதைத் தீர்க்கத்தான் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955-ல் இரட்டைக் காயில் யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஒரு காயிலை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்தால், தந்தியின் ஒலி கூடும், வெளி இரைச்சல் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அதுதான் ஹம்பக்கர். ஆக்டிவ் பிக்கப் வேறு வழியில் போகிறது. காயிலில் சுற்று குறைவு. பிக்கப்புக்குள்ளேயே ஒலியைக் கூட்டித் தரும் ஒரு சிறிய ப்ரீஆம்ப் இருக்கிறது, அதற்கு 9 வோல்ட் பேட்டரி. கலிஃபோர்னியாவில் ராப் டர்னர் 1976-ல் தொடங்கிய தொழில்தான் பிறகு ஈஎம்ஜி ஆனது.

காரைக்குடி என்றாலே வீணை நினைவுக்கு வரும் ஊர் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீணைக்கும் காந்தப் பிக்கப் போடலாமா என்று கடைக்கு வந்து கேட்டவர்கள் உண்டு. காந்தத்துக்கு இரும்புச் சேர்க்கை உள்ள தந்திதான் தெரியும். பித்தளை, வெண்கலத் தந்தி அதன் காதில் விழாது. வீணைக்கு அதன் உடலில் ஒட்டிவைக்கும் தொடு மைக்தான் சரி.

அன்று சாயந்திரமே பள்ளத்தூருக்குப் போனேன். அங்கே ஓர் ஆச்சியின் பழைய வீட்டில், இரண்டாம் கட்டுக்குப் பக்கத்து அறையில்தான் பையன்கள் பயிற்சி எடுக்கிறார்கள். தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் தரை, ஒரு முழத்துக்கு மேல் கனமான சுவர். சத்தம் வெளியே போகாத அருமையான இடம். ஆனால் மரப்பட்டையில் ஓடும் பழைய வயரிங், பீங்கான் ஃபியூஸ். பிற்காலத்தில் யாரோ மூன்று ஓட்டை சாக்கெட் மாட்டியிருக்கிறார்கள்.

முதலில் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைக்கச் சொன்னேன். இரைச்சலில் பாதி அப்படியே நின்றது. வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போது பிக்கப்பின் ஒலி வெளியே வராது. ஆகவே அந்தப் பாதிக்கும் பிக்கப்புக்கும் சம்பந்தமே இல்லை, அது ஆம்ப், ஒயர், வீட்டு மின்சாரம் இவற்றின் வேலை. சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 232 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த் ஓட்டைக்கும் நடுவே 80 வோல்ட்டுக்குக் கீழே தள்ளாடியது. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. ஆம்பின் உலோகப் பெட்டிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 100 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கரண்ட் மிகக் குறைவுதான். ஆனாலும் பாடிக்கொண்டே வாசிக்கும் பையனுக்கு மைக்கில் உதடு பட்டால் ஏன் சுர்ரென்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. பாஸிவ் கிட்டாரில் தந்திகளை எர்த் ஒயரோடு சேர்த்திருப்பார்கள். அதாவது வாசிப்பவரின் உடம்பு ஆம்பின் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. ஆம்புக்கு நல்ல எர்த் இல்லாவிட்டால் அது ஆபத்து. இதைச் சொன்னவுடன் ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை நாளா புள்ளைகளை இதுலயா உக்கார வச்சிருந்தேன்? நாளைக்கே ஆளைக் கூப்பிடு" என்றார்கள்.

மறுநாள் தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்துப்போய்ப் பின்கட்டுக் கிணற்றடிப் பக்கம் குழி தோண்டி ஜிஐ பைப் இறக்கினோம். சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். நம் பக்கத்துச் செம்பாறை மண் காய்ந்தால் மின்சாரத்தை விடாது. கிணற்றடியைத் தேர்ந்ததே ஈரத்துக்காகத்தான். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். கூடவே 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஸ்விட்ச் ஒன்று. இந்த வேலைக்கு ஆன செலவு ஒரு நல்ல ஆக்டிவ் செட்டின் விலையில் சிறு பங்குதான். பூஜ்ய வால்யூம் இரைச்சல் அடங்கிவிட்டது.

அப்புறம் கிட்டார். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, கையை எடுத்தால் ஏறுகிறது. ஹம்பக்கரில் வைத்தாலும் அப்படியேதான். ஹம்பக்கர் காந்தவழி வரும் இரைச்சலைத்தான் வெட்டும். உள்ளே ஓடும் ஒயர்கள் ஏரியல் போலப் பிடிக்கும் கரகரப்பை அது ஒன்றும் செய்யாது. தொட்டால் குறைகிறது என்றால் நம் உடம்பே ஒரு மறைப்பாக நிற்கிறது என்று பொருள். பிக்கப்பெல்லாம் மாட்டியிருக்கும் முன்தகட்டை, அதாவது பிக்கார்டைக் கழற்றிப் பார்த்தால், குழிக்குள் வெறும் மரமும் வார்னிஷும்தான். ஷீல்டிங் என்ற உலோக மறைப்பு ஒன்றுமே இல்லை.

பசையும் மின்சாரம் கடத்தும் வகைச் செம்புத் தாள் டேப் வாங்கிக் குழி முழுக்க ஒட்டினேன். ஒவ்வொரு துண்டும் அடுத்ததன் மேல் அரை அங்குலம் ஏறவேண்டும். ஒட்டிய பிறகு மீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் சோதித்து, சந்தேகமான இடத்தில் ஒரு பொட்டு சால்டர் வைத்தேன். சமையலுக்கு வரும் அலுமினியத் தாளைச் சிலர் ஒட்டுகிறார்கள், அதில் சால்டர் பிடிக்காது, நாளடைவில் தொடர்பு விட்டுப்போகும். பிக்கார்டின் பின்பக்கமும் ஒட்டி, எல்லா எர்த் ஒயரையும் வால்யூம் திருகுக்குக் கீழே உள்ள பொட்டென்ஷியோமீட்டரின் (நாங்கள் 'பாட்' என்போம்) முதுகில் ஒரே இடத்தில் சேர்த்தேன். மூடிவிட்டு ஹம்பக்கரில் கேட்டோம். பெடலை மிதித்தும் அமைதி. மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் நின்றான். சிங்கிள் காயிலில் மட்டும் கிட்டாரை ஆம்பின் பக்கம் திருப்பினால் மெல்லிய உறுமல் கேட்டது. அது அந்தக் காயிலின் பிறவிக் குணம். நடுப் பிக்கப் எதிர்ச் சுற்று என்பதால், கழுத்துப் பிக்கப்பைச் சரிசெய்துவிட்டால், இரண்டும் சேர்ந்த ஸ்விட்ச் நிலையில் அதுவும் வெட்டிக்கொள்ளும்.

இரைச்சல் என்ற காரணம் போய்விட்டது. இனி ஆக்டிவ் தேவையா என்பதைக் காதால்தான் முடிவு செய்யவேண்டும். ஈஎம்ஜி கிட்டார் பையனை வரச் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதே ஆம்ப், அதே ஒயர், இரண்டு கிட்டார்.

முதல் வித்தியாசம் ஒயர் நீளத்தில் தெரிந்தது. 3 மீட்டர் ஒயரில் இரண்டுமே பளிச்சென்று கேட்டன. மேடையில் போடும் 10 மீட்டர் ஒயரை மாட்டியதும் பாஸிவ் கிட்டாருக்குப் போர்வை போர்த்தியது போல ஆகிவிட்டது. ஆக்டிவ் கொஞ்சமும் மாறவில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. கிட்டார் ஒயரில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பைக்கோஃபாரட் கெப்பாசிடன்ஸ் (மின்னைத் தேக்கும் தன்மை) இருக்கும். 2.5 ஹென்றி தூண்டல் உள்ள ஒரு சிங்கிள் காயிலை 3 மீட்டர் ஒயரோடு சேர்த்தால் அதன் உச்ச அதிர்வு, அதாவது ஒலி மிக எடுப்பாகக் கேட்கும் இடம், 5000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நிற்கும். 10 மீட்டர் ஆனால் 3000-க்கு இறங்கிவிடும். அதற்கு மேலே உள்ள மினுமினுப்பெல்லாம் போய்விடும். ஆக்டிவ் பிக்கப்பில் ப்ரீஆம்ப் இருப்பதால் வெளியே வரும் மின்தடை குறைவு, ஒயர் நீளம் அதைப் பாதிப்பதில்லை. ஆக்டிவின் உண்மையான பலம் இதுதான் என்று நினைக்கிறேன். சத்தம் கூடுதல் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கையைத் தந்தியில் வைத்து அழுத்தி, டிஸ்டார்ஷனில் கீழ்த் தந்தியை வேகமாக வெட்டி வாசிக்கும்போது ஆக்டிவ் பிக்கப்பில் ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாக விழுந்தது. மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஏன் அதையே பிடித்துக்கொண்டார் என்பது கேட்டவுடன் புரிகிறது. அந்த இசை மட்டும் வாசிப்பவர் என்றால் நானே ஆக்டிவ் வாங்கச் சொல்வேன்.

ஆனால் மாப்பிள்ளை வாசிப்பது அது மட்டும் இல்லை. ஒரு கச்சேரியில் எழுபதுகளின் பாட்டிலிருந்து இந்த வருடப் பாட்டு வரை முப்பது உருப்படி இருக்கும். பழைய மெலடியில் சரணத்துக்கு முன்னால் வரும் பிட்டுக்கு அவன் வால்யூமைப் பாதிக்கு இறக்குவான். பாஸிவில் அப்படி இறக்கினால் சத்தத்தோடு கூர்மையும் கொஞ்சம் மழுங்கி, ஒலி மெத்தென்று ஆகும். ஆக்டிவில் சத்தம் மட்டும் குறைந்தது, நிறம் அப்படியே இருந்தது. சிலருக்கு அதுதான் வேண்டும். இவனோ மூன்று தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, "கை சொல்றது கேக்க மாட்டேங்குது மாமா" என்றான். அந்த வார்த்தைதான் எனக்குத் தீர்ப்பு.

பிரிட்ஜில் மட்டும் ஓர் ஆக்டிவ் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவைக்கலாமா என்று கேட்டான். இதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் பாட் வேண்டும், பாஸிவுக்கு 250 அல்லது 500. பாஸிவை 25-ல் மாட்டினால் சத்தமும் கூர்மையும் செத்துவிடும். ஆக்டிவை 500-ல் மாட்டினால் வால்யூம் திருகு ஸ்விட்ச் மாதிரி ஆகிவிடும், ஒன்று முழுச் சத்தம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. தனித்தனி வால்யூம் போட்டுச் செய்யலாம். ஒரே வால்யூம் உள்ள இவன் கிட்டாரில் அதற்காக மரத்தைத் துளைக்க எனக்கு மனசில்லை.

ஒயர் பிரச்சினைக்கு வேறு வழி இருந்தது. அவன் காலடியில் ஏற்கெனவே பாஸ் (Boss) கம்பெனியின் சுருதி பார்க்கும் ட்யூனர் பெடல் ஒன்று கிடக்கிறது. அந்த வகைப் பெடலை ஆஃப் செய்தாலும் உள்ளே பஃபர் என்ற சின்னச் சர்க்யூட் ஒன்று வேலை செய்துகொண்டிருக்கும், அதற்குப் பின்னால் ஒயர் நீளம் பாதிக்காது. கிட்டாரிலிருந்து அதுவரை 3 மீட்டர், அதிலிருந்து ஆம்ப் வரை 10 மீட்டர் என்று மாற்றி மாட்டியதும் பளிச் திரும்பிவிட்டது. இதுவரை அவன் அந்தப் பெடலை வரிசையில் கடைசியில் வைத்திருந்தான்.

ஈஎம்ஜி கிட்டாருக்கும் அன்று ஒரு வைத்தியம் நடந்தது. நடுவில் அதன் ஒலி உடைந்து, கரகரத்து, அடங்கிவிட்டது. பேட்டரியில் 6 வோல்ட்கூட இல்லை. ஓர் 81 பிக்கப் இழுப்பது 80 மைக்ரோஆம்பியர்தான், ஒரு பேட்டரிக்கு 3000 மணி நேரம் என்று கணக்கு. இரண்டு பிக்கப் என்றால் அதில் பாதி. ஆனால் அந்தக் கிட்டாரில் ஜாக்கில் ஒயரைச் செருகுவதுதான் ஸ்விட்ச். ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையத்தில் பேட்டரியின் மைனஸ் இருக்கும், பிளக் உள்ளே போனதும் எர்த்தோடு சேர்ந்து மின்சாரம் ஓடத் தொடங்கும். ஒயரைப் பிடுங்காமல் மூலையில் சாய்த்து வைத்தால் இரவும் பகலும் தின்றுகொண்டே இருக்கும், இரண்டு மாதத்தில் காலி. பையன் அப்படித்தான் வைத்திருந்தான். புதிதாக ஆல்கலைன் வகை போட்டு, மாற்றிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பேட்டரி மேல் ஒட்டிவிட்டேன். மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953-லிருந்து இருக்கிற ஊர் இது. பேட்டரியை மதிக்க நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாமா?

முடிவு ஆகிவிட்டது. பாஸிவ்தான், கழுத்துக் காயிலை நானே கட்டுவது.

மீட்டரில் அந்தப் பிக்கப் ஓப்பன் என்று காட்டியது. மூடியை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், உள்முனை ஒயர் சால்டருக்குப் பக்கத்தில் பச்சை பூத்து அறுந்திருக்கிறது. வெளிமுனை என்றால் இழுத்து ஒட்டிவிடலாம், உள்முனை என்பதால் முழுவதையும் பிரிக்கவேண்டியதாயிற்று. ஆக்டிவ் பிக்கப்பில் இந்த இடத்தை எட்டவே முடியாது. உள்ளே எபாக்சி ஊற்றி மூடியிருப்பார்கள். போனால் போனதுதான். கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எரிந்த மோட்டாருக்கெல்லாம் உயிர் கொடுக்கிற எனக்கு, பிரித்துப் பார்க்கவே முடியாத ஒரு பொருளை என் அக்கா மகன் கையில் கொடுக்க மனம் ஒப்பவில்லை. நான் பாஸிவ் பக்கம் சாய்ந்ததில் இதற்கும் பெரிய பங்கு உண்டு.

கம்பியில் ஒரு வாரம் வீணானது. இந்தக் காயிலுக்கு 42 கேஜ் (கம்பியின் கனத்தைச் சொல்லும் எண்) என்று எல்லோரும் சொல்வார்கள். கம்பிக் கடையில் 42 கேட்டு வாங்கி வந்து சுற்றினேன். 3000 சுற்றிலேயே பாபின் நிரம்பிவிட்டது, மீட்டர் ஒரு கிலோ ஓமைக்கூடத் தொடவில்லை. மைக்ரோமீட்டரில் கம்பியைப் பிடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அமெரிக்கக் கேஜில் 42 என்றால் 0.063 மில்லிமீட்டர். நம் ஊரில் விற்பது பிரிட்டிஷ் கேஜ் கணக்கு, அதில் 42 என்றால் 0.1 மில்லிமீட்டர். நமக்கு வேண்டியது நம் கணக்கில் 46-க்குப் பக்கத்தில் வரும். கேஜ் எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லி வாங்குங்கள். மோட்டார் கம்பிக்கு நாங்கள் கேஜ் சொல்லியே பழகிவிட்டதால் வந்த வினை இது. மதுரையிலிருந்து 0.063 எனாமல் கம்பி 250 கிராம் ஸ்பூல் வரவழைத்தேன். ஒரு காயிலுக்கு ஏறக்குறைய 30 கிராம்தான் ஆகும்.

சுற்றும் இயந்திரத்துக்குத் தையல் மெஷின் மோட்டாரும் அதன் மிதியும். சுற்று எண்ண, முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடையில் வாங்கிய பித்தளைக் கவுண்டர் ஒன்று. ஆறு காந்தத் துண்டுகளின் மேல் நேரடியாகக் கம்பி பட்டால் எனாமல் உரசும் என்பதால் முதலில் ஒரு சுற்று மெல்லிய டேப். பழைய காயில் எந்தத் திசையில் ஓடியது என்பதைப் பிரிக்கும்போதே குறித்து வைத்துக்கொண்டேன். திசை மாறினால் நடுப் பிக்கப்போடு சேரும்போது ஒலி உள்வாங்கிவிடும். கம்பி தலைமுடி போல மெல்லியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சின்னப் பஞ்சுத் துணி, அதன் வழியாகக் கம்பி. இறுக்கிப் பிடித்தால் அறுகிறது, விட்டுப் பிடித்தால் காயில் தொளதொளக்கிறது. முதல் தரம் 5100-ல் அறுந்தது, இரண்டாம் தரம் 900-ல். மூன்றாவது நாள் காலையில், கடை திறப்பதற்கு முன், ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். 7800 சுற்று, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு மேல் கம்பி, ஒரே மூச்சாக 40 நிமிடம். மீட்டர் 5.9 கிலோ ஓம் காட்டியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை 10 ஹெச்பி மோட்டார் கட்டி முடித்தபோதுகூட உணர்ந்ததில்லை.

மெழுகில் முக்கவில்லை என்றால் பெரிய சத்தத்தில் காயில் சுற்றுகளே அதிர்ந்து கீச்சிடும். மெழுகுவத்தியின் பாரஃபினில் ஐந்தில் ஒரு பங்கு தேன்மெழுகு, அது நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. நேரடித் தீயில் வைக்கக்கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், 65 டிகிரி, குமிழி வருவது நிற்கும்வரை 20 நிமிடம். அதற்கு மேல் சூடு போனால் பிளாஸ்டிக் பாபின் வளையும்.

மாட்டிய பிறகு உயரம். பிரிட்ஜ் ஹம்பக்கர் 15 கிலோ ஓம், கொஞ்சம் முரட்டுத்தனமானது. அதன் உயரத் திருகை ஒரு சுற்றுத் திருகிக் கீழே இறக்கியதும் மற்ற இரண்டோடு சத்தம் சமமாகிவிட்டது.

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவில் மாசி பங்குனித் திருவிழா நாட்களில் ஊரே விளக்காக இருக்கும். அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு மேடையில் அவர்கள் கச்சேரி. ஜெனரேட்டர், சீரியல் செட், எல்இடி விளக்கு என்று ஒரு கிட்டாருக்கு என்னென்ன சோதனை உண்டோ அத்தனையும் பத்தடிக்குள். நான் மிக்சர் பக்கம் நின்றேன். கழுத்தும் நடுவும் சேர்ந்த நிலையில் அமைதி. தனிக் கழுத்துப் பிக்கப்பில் விளக்குகள் மாறும்போது மெல்லிய ஓசை, தாளக்கருவிகள் தொடங்கியதும் அதுவும் கேட்கவில்லை. ஒரு பழைய மெலடியில் அவன் சுண்டுவிரலால் வால்யூமை இறக்கி அந்தப் பிட்டை வாசித்தான். முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்த ஆச்சி திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இப்போது சித்திரை பிறந்துவிட்டது. கழுத்துக் காயில் 6.1 காட்டுகிறது. செம்புக் கம்பிக்கு 10 டிகிரி சூடு ஏறினால் மின்தடை 4 சதவீதம் ஏறும், அதனால் அது கோளாறு இல்லை. மெழுகுதான் கவலை. கிட்டாரை மூடிய வேனில் மதிய வெயிலில் விடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆடி மாதம் ஒருமுறை கழற்றிப் பார்க்கவேண்டும்.